ஒட்டுச் செடியும் கணிப்பொறியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை சமவெளியைத் தொடும் இடத்தில் கீரிப்பாறை என்ற ஊர் இருக்கிறது. தடிக்காரன்கோணத்தைத் தாண்டி மேலே போனால், சாலையின் இருபுறமும் வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள் நிற்பதைக் காணலாம். 1984-இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இப்பகுதியில் உள்ளன. அதிகாலையில் பால் வெட்டும் தொழிலாளர்கள் மரப்பட்டையில் சாய்வாக ஒரு கீறல் இடுவார்கள். வெள்ளைப் பால் கசிந்து, கீழே கட்டியிருக்கும் சிரட்டையில் சொட்டும்.

அந்த மரத்தின் அடியைக் கூர்ந்து பாருங்கள். ஒரே மரம் போலத் தோன்றினாலும் அது உண்மையில் இரண்டு மரங்கள்! விதையிலிருந்து முளைத்த நாற்று ஒன்றின் பட்டையைச் சிறு சதுரமாக நீக்கி, அவ்விடத்தில் நிறையப் பால் தரும் வேறொரு வகையின் மொட்டைப் பொருத்திக் கட்டுவார்கள். கோட்டயத்திலுள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 அத்தகைய வகைகளுள் ஒன்று. மொட்டு பிடித்துக் கொண்டதும் நாற்றின் மேற்பகுதியை வெட்டி விடுவார்கள். அதன்பின் வேர் ஒரு மரத்தினுடையது. தண்டும் இலையும் பாலும் மற்றொரு மரத்தினுடையவை. இரண்டும் ஒன்றுக்கொன்று இணங்கினால்தான் ஒட்டு பிழைக்கும். ரப்பர் நாற்றில் பலா மொட்டை வைத்துக் கட்டினால் ஒட்டாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ உள்ள கணிப்பொறியும் ஓர் ஒட்டுச் செடிதான். ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று எல்லோரும் சொல்லும் இயக்க அமைப்பு அதன் வேர். விண்டோஸ், ஆப்பிளின் மேக் ஓ.எஸ்., லினக்ஸ் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. படம் வரைதல், புத்தகப் பக்கம் அமைத்தல், பாட்டுப் பதிவு செய்தல், திரைப்படத் துண்டுகளை வெட்டி ஒட்டுதல் முதலிய வேலைகளைச் செய்யும் நிரல்கள் அதன்மேல் கட்டிய மொட்டுகள்.

ஒரு வரைபட நிரல் திரையில் சிவப்புக் கோடு ஒன்று இழுப்பதாக வைத்துக் கொள்வோம். திரையை அது தானே தொடுவதில்லை. "இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை கோடு போடு" என்று இயக்க அமைப்பிடம் கேட்கிறது. கோப்பைத் திற, எழுத்தைக் காட்டு, ஒலிபெருக்கிக்கு அனுப்பு, அச்சு இயந்திரத்துக்குக் கொடு என்று எல்லாமே இத்தகைய வேண்டுகோள்கள்தாம். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான வேண்டுகோள்கள் கீழே போகின்றன. விடைகள் மேலே வருகின்றன. கேட்கும் முறையும் விடை தரும் முறையும் முன்கூட்டியே பேசி வைத்துக் கொண்டவை. ஒரு பக்கம் மட்டும் முறையை மாற்றிக் கொண்டால் என்ன ஆகும்?

ரப்பர் தோட்டத்தில் பால் தரும் மரத்தின் வேரைப் பிடுங்கிவிட்டு வேறு வேரை வைப்பவர் எவருமில்லை. கணிப்பொறியில் நாம் அதைத்தான் செய்கிறோம்! வியப்பு என்னவென்றால், பெரும்பாலும் அது பலித்தும் விடுகிறது. புதிய இயக்க அமைப்பை உருவாக்குவோர் பழைய வேண்டுகோள்களுக்கும் விடை தரும்படி அதை அமைக்கிறார்கள். ஆனால் எல்லாப் பழைய வழக்கங்களையும் காலமெல்லாம் சுமந்து கொண்டிருக்க அவர்களால் முடியாது. ஒரு நாள் சிலவற்றை விட்டு விடுகிறார்கள். அந்த நாளில்தான் தொல்லை தொடங்குகிறது.

பிட் கணக்கு

2019 அக்டோபர் 7 அன்று ஆப்பிள் நிறுவனம் கேட்டலினா என்ற பெயரில் தன் கணிப்பொறிகளுக்குப் புதிய இயக்க அமைப்பை வெளியிட்டது. அதில் 32 பிட் நிரல்கள் எவையும் ஓடவில்லை. அடோபியின் சி.எஸ்.6 தொகுப்பையும் ஃபைனல் கட் ப்ரோ 7 என்ற பழைய படத்தொகுப்பு நிரலையும் நம்பியிருந்த பலர், புதிய அமைப்பு வந்த பின்னும் நெடுநாள் பழைய அமைப்பிலேயே தங்கி விட்டார்கள். இது முன்னறிவிப்பில்லாமல் வந்ததன்று. 2018-இல் வந்த மோஹாவி அமைப்பு, 32 பிட் நிரலைத் திறந்தபோதே எச்சரித்தது. எச்சரிக்கைச் சட்டத்தை மூடிவிட்டு வேலையைத் தொடர்வதுதான் மனித இயல்பு போலும்.

32 பிட் என்றால் என்ன? கணிப்பொறியின் நினைவகத்தில் ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை இரும முறையில் 32 இலக்கங்களால் எழுதினால் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 429,49,67,296 அறைகளுக்கு மட்டுமே எண் கொடுக்க முடியும். இதுவே 4 ஜிகாபைட். பெரிய படங்களும் நீண்ட ஒளிக்காட்சிகளும் இந்த எல்லையை முட்டத் தொடங்கியதால் 64 இலக்கங்களுக்கு மாறினார்கள். 32 பிட் நிரலையும் ஓட்ட வேண்டுமானால், இயக்க அமைப்பு தன் துணைப் பகுதிகள் யாவற்றையும் இரண்டு பிரதிகளாக வைத்துக் கொள்ள வேண்டும். ஆப்பிள் அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டது.

விண்டோஸ் சற்றே தாராளம் காட்டியது. அதன் 64 பிட் பதிப்பில் 32 பிட் நிரல்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் அதற்கும் முந்தைய 16 பிட் நிரல்கள் ஓடமாட்டா. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் கிடைத்ததால், அதில் 16 பிட் நிரல்களுக்கும் ஒரு வழி இருந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. ஆகவே இணையத்தில் இணைந்திருக்கும் கணிப்பொறி நெடுங்காலம் பழைய வேரிலேயே நிற்பதும் ஆபத்து. நோய்க் கிருமிகளைப் போன்ற தீய நிரல்கள் நுழைந்துவிடும். மாறத்தான் வேண்டும். மாறுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதே நமக்குள்ள கேள்வி.

ஐந்து எண்களின் கதை

தமிழ் நாட்டில் இந்தக் கேள்வியின் கடுமையை நன்கு அறிந்தவர்கள் டி.டி.பி. கடைக்காரர்களும் சிற்றச்சகங்களும்தாம். ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு நிரலை வெளியிட்டது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-இல் வந்த 7.0-தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு. அதன் பின்னும் பல ஆண்டுகள் நம் ஊர்களில் திருமண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீசு, பள்ளி ஆண்டு மலர், கவிதைத் தொகுதி எல்லாம் அதில்தான் உருவாயின. இவற்றுக்குப் பயன்பட்ட தமிழ் எழுத்துருக்களின் அமைப்பைப் புரிந்து கொண்டால் சிக்கல் தெளிவாகும்.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். பழைய எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தன. தமிழ் எழுத்துகளை அந்த இடங்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி உட்கார வைத்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பரவலாகப் பயன்பட்ட பாமினி எழுத்துருவில், ஆங்கிலச் சிறிய எழுத்தான 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'அ' இருக்கிறது. 'கே' இடத்தில் 'ம'. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. 'எச்' இடத்தில் துணைக்கால். எனவே பாமினியில் 'அம்மா' என்று அச்சிட்டால் கோப்பில் பதிவாவது 109, 107, 59, 107, 104 என்ற ஐந்து எண்கள். இவை ஆங்கில எழுத்துகளின் எண்கள். பாமினி என்ற கண்ணாடியை மாட்டிக் கொண்டு பார்க்கும் வரை அது 'அம்மா'. கண்ணாடி காணாமற் போனால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்.

உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறை 1991-இல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. 2944 முதல் 3071 வரையுள்ள எண்கள் தமிழுக்கு உரியவை. அம்முறையில் 'அம்மா' என்பது 2949, 2990, 3021, 2990, 3006. இங்கும் ஐந்து எண்களே. ஆனால் இவற்றை வேறெந்த மொழியாகவும் மாற்றிப் படிக்க முடியாது. 2010 ஜூன் மாதத்தில் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

அப்படியானால் அச்சகங்கள் உடனே மாறியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாறியிருக்க முடியாது. 'கெ' என்ற எழுத்தைக் கவனியுங்கள். கையால் எழுதும்போது கொம்பு முதலில், ககரம் பின்னால். பழைய எழுத்துருக்களிலும் அதே வரிசைதான். யூனிகோடிலோ ககரத்தின் எண் 2965 முதலில், கொம்பின் எண் 3014 பின்னால். திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கும் வேலையை யாராவது செய்ய வேண்டும். விண்டோஸ் 2000 அதைச் செய்யக் கற்றிருந்தது. ஆனால் பக்க அமைப்பு நிரல்கள் எழுத்துகளைத் தாமே அடுக்குபவை. பேஜ்மேக்கரின் வாரிசான இன்டிசைன், 2012-இல் வந்த சி.எஸ்.6 பதிப்பில்தான் இந்திய மொழிகளை ஒழுங்காக அடுக்கத் தொடங்கியது. வேர் தயாராக இருந்தும் மொட்டு தயாராக இல்லாத காலம் பன்னிரண்டு ஆண்டுகள்!

இப்படித்தான் ஒரு சங்கிலி உருவாகிறது. பழைய கோப்பு பழைய எழுத்துருவைக் கேட்கிறது. எழுத்துரு பழைய நிரலில்தான் சரியாக இருக்கிறது. நிரல் பழைய இயக்க அமைப்பைக் கேட்கிறது. அமைப்பு பழைய கணிப்பொறியைக் கேட்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் போதும்.

நாகர்கோவிலில் சிறிய அச்சகம் நடத்தும் ஒருவரை எனக்குத் தெரியும். தை மாதத் திருமணங்களுக்கு முன்னால் கணிப்பொறி மெதுவாக ஓடுகிறதென்று புது இயக்க அமைப்பைப் போடச் சொன்னார். இரண்டு நாள் கழித்து என்னைக் கண்டபோது, "சார், மிஷின் நல்லாத்தான் ஓடுது. எழுத்தெல்லாம் வேற பாஷையா நிக்குது" என்றார். போய்ப் பார்த்தேன். பக்க அமைப்பு நிரல் திறந்தது. எழுத்துருக்களும் இருந்தன. ஆனால் அவருடைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வன்பூட்டு ஒன்றுடன் விற்கப்பட்டது. கணிப்பொறியின் பின்புறம் செருகும், தீப்பெட்டி அளவேயுள்ள சாதனம் அது. அது இருந்தால்தான் மென்பொருள் ஓடும். அந்தச் சாதனத்துடன் பேசும் இயக்கி என்ற சிறு நிரல் 32 பிட் அமைப்புக்காக எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் 64 பிட் இயக்கிகளை மட்டுமே ஏற்கும். சாதாரண நிரல்களுக்குக் காட்டும் சலுகை இயக்கிகளுக்குக் கிடையாது. மென்பொருளை விற்றவரும் கடையை மூடிப் பல வருடமாகிவிட்டது. பதினாறு ஆண்டு வேலை அந்தக் கணிப்பொறியில் இருந்தது. அவற்றுள் பல நூல்களுக்கு அச்சுப்பிரதி கூட மிஞ்சவில்லை. நல்லவேளையாக, அமைப்பை மாற்றிய இளைஞர் புதிய ஹார்ட் டிஸ்க்கில் அதைப் போட்டுவிட்டுப் பழையதைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி மேசை அறையில் வைத்திருந்தார். அதை மீண்டும் மாட்டியதும் எல்லாம் திரும்பின. "அண்ணாச்சி, இத மட்டும் தூக்கிப் போட்டுராதீங்க" என்று அந்த இளைஞர் முன்பே சொல்லிவிட்டுப் போனாராம். பொறியியல் படிக்காத அவருடைய அந்த எச்சரிக்கையைப் பல நிறுவனங்களின் கையேடுகளைவிட உயர்வாக மதிக்கிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும்?

கீரிப்பாறைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆண்டு மலர் தயாராகிறது என்று கொள்வோம். மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டெழுதிய கதைகள் அதில் இருக்கின்றன. சொன்னவர்களுள் சிலர் இன்று இல்லை. பள்ளிக் கணிப்பொறிக்குப் புதிய இயக்க அமைப்பு போடலாம் என்று செய்தி வந்திருக்கிறது. பொத்தானை அழுத்துமுன் நீங்கள் செய்ய வேண்டியது யாது?

முதலில் ஒரு தாளை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் நிரல்களின் பெயரை எழுதாதீர்கள். வேலைகளின் பெயரை எழுதுங்கள். நிரல்களை மட்டும் எழுதினால் "பக்க அமைப்பு நிரல் புதியதில் ஓடும்" என்ற ஒற்றை விடையோடு திருப்தியடைந்து விடுவோம். "மலரின் நாற்பதாம் பக்கம்" என்று எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கத்துக்கு என்னென்ன வேண்டியிருந்தன? பக்க அமைப்பு நிரல், எழுத்துரு, தமிழ் விசைப்பலகை மென்பொருள், பழைய புகைப்படத்தை உள்ளே கொண்டுவந்த ஸ்கேனர், படம் வரைந்த பேனாப் பலகை, நிரலுடன் தனியாகச் சேர்த்த துணை நிரல், கடைசியாக அச்சு இயந்திரம். அச்சகக்காரரை வீழ்த்தியது பக்க அமைப்பு நிரலன்று, தீப்பெட்டி அளவுச் சாதனம் என்பதை மறவாதீர்கள்.

ஒவ்வொன்றுக்கும் நேராக அதன் பதிப்பு எண்ணைக் குறியுங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் விவரப் பகுதியைத் திறந்து, பிளாட்ஃபார்ம் என்ற பத்தியைச் சேர்த்துக் கொண்டால், ஓடும் நிரல் 32 பிட்டா 64 பிட்டா என்பது தெரியும். பிறகு அதைத் தயாரித்தவர் புதிய இயக்க அமைப்பைப் பற்றி என்ன சொல்கிறார் என்று தேடுங்கள். "எல்லாப் பதிப்புகளிலும் ஓடும்" என்று பொதுவாகச் சொன்னதை நம்ப வேண்டாம். உங்கள் பதிப்பு எண்ணையும் புதிய அமைப்பின் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமலிருந்தால் அதைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. துணை நிரல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும்; 64 பிட் இசை நிரல், 32 பிட் துணை நிரலைப் பெரும்பாலும் தானாக ஏற்பதில்லை.

நிரலையே மாற்ற நேர்ந்தால், புதியது பழைய கோப்பைத் திறக்குமா என்பது வேறொரு கேள்வி. இன்டிசைன் சி.எஸ்.6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் 6.0, 7.0 கோப்புகளைத் திறந்தன. பின்னர் வந்தவை திறப்பதில்லை. எழுத்துருவும் கைவிடக் கூடும். டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களை அடோபி தன் நிரல்களில் 2023 ஜனவரியுடன் நிறுத்திவிட்டது.

இனி, பிரதி எடுக்கும் வேலை. மலரை மூன்று வடிவங்களில் வைத்துக் கொள்ளுங்கள். மூலக் கோப்பும் அதன் எழுத்துருக்களும் ஒரு பொட்டலம். பக்கத்தின் தோற்றம் மாறாதிருக்க பி.டி.எஃப். ஒன்று. சொற்கள் பிழைக்க, யூனிகோடில் வெறும் உரை ஒன்று. பி.டி.எஃப். மட்டும் போதாதா என்று கேட்கலாம். பாமினியில் செய்த பி.டி.எஃப். கண்ணுக்கு அழகான தமிழ். அதிலிருந்து ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பழைய 109, 107 கதைதான். பழைய எழுத்துரு முறைகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் பல உள்ளன. என்.எச்.எம். கன்வர்ட்டர் அவற்றுள் ஒன்று. மாற்றிய பின் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து ஒப்பு நோக்க வேண்டும்.

இது நடக்கக் கூடியதுதானா? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தமிழ் இலக்கியங்களை உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். பின்னர் டிஸ்கி முறையில் இருந்த நூல்களை யூனிகோடுக்குக் கொண்டு போனார்கள். எந்த எண் எந்த எழுத்து என்பது எழுதி வைக்கப்பட்டிருந்ததாலும், நூல்கள் வெறும் உரையாக இருந்ததாலும் அது இயன்றது.

பிரதிகள் கைக்கு வந்ததும், இயன்றால் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் புதிய அமைப்பைப் போட்டு, தாளில் எழுதிய வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். திறந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு பக்கத்தைத் திருத்தி, சேமித்து, அச்சிட்டுப் பாருங்கள். விண்டோஸை மேம்படுத்தியபின் மனம் மாறினால் பழையதற்குத் திரும்பப் பொதுவாக 10 நாள் அவகாசம் உண்டு. ஆண்டு மலரில் தவறு கண்டுபிடிக்கப்படுவது வழக்கமாக அதற்குப் பிறகுதான்! அச்சுக்குக் கொடுக்கும் வாரத்தில் இயக்க அமைப்பைத் தொடவே தொடாதீர்கள். மின்சாரம் அடிக்கடி போகும் மலையடிவார ஊரானால், மேம்பாடு பாதியில் நிற்காதபடி மடிக்கணிப்பொறியின் மின்கலத்தை முழுதும் ஏற்றிக் கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு நிரல் புதியதில் ஓடவில்லையா? பழைய கணிப்பொறி ஒன்றை இணையத்திலிருந்து துண்டித்து, அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக் கொள்ளலாம். அல்லது கணிப்பொறிக்குள்ளேயே மற்றொரு கணிப்பொறி இருப்பது போல நடிக்கும் நிரலைப் போட்டு, அதற்குள் பழைய அமைப்பை ஓட்டலாம். இனிமேல் தொடங்கும் வேலைகளுக்கு இன்க்ஸ்கேப், கிம்ப், ஸ்க்ரைபஸ் போன்ற, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் இலவச நிரல்களைப் பழகிக் கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஒரு வேர் பட்டாலும் மற்றொன்றில் அதே மொட்டு துளிர்க்கும்.

இறுதியாக ஒரு சிறு சோதனை. எழுத்துச் செயலி ஒன்றில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளான எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் ஆகியவற்றை இடைவெளியின்றித் தட்டுங்கள். அவற்றைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவைப் பாமினி என்று மாற்றினால் 'அம்மா' தோன்றும். அடுத்த வரியில் யூனிகோடு விசைப்பலகையால் 'அம்மா' என்று தட்டி, அதற்கும் பாமினியைக் கொடுத்துப் பாருங்கள். பாமினியில் 2949 என்ற இடமே இல்லையாதலால், கணிப்பொறி வேறோர் எழுத்துருவைக் கடன் வாங்கி அதையும் 'அம்மா' என்றே காட்டும். இப்பொழுது தேடும் வசதியைத் திறந்து, தமிழில் 'அம்மா' என்று கொடுத்துத் தேடுங்கள். திரையில் இரண்டு இருந்தாலும் ஒன்றுதான் அகப்படும்.